பைபிள்ல அடிமைத்தனம்: எங்க கிளாஸ்ல திரும்பத் திரும்ப வர்ற கேள்விகள்

ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்சதும் எங்க சபை வாலிபப் பசங்களுக்கு பைபிள் கிளாஸ் எடுக்குறேன். யாத்திராகமம் 21-ஆம் அதிகாரம் வந்தா போதும், அன்னிக்குப் பாடம் அங்கயே நின்னுடும், வீட்டுக்குப் போய் சேர்றதுக்குள்ள வாட்ஸ்அப்ல கேள்வி வந்து விழுந்துடும். ஒரே பதிலை பத்து பேருக்கு டைப் பண்ணி கை ஓஞ்சு போச்சு, அதான் எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதிடறேன். நான் விசுவாசிதான். அதுக்காக எதையும் மூடி மறைக்கிற எண்ணம் இல்ல. வசனமெல்லாம் நம்ம வீட்ல இருக்குற பழைய தமிழ் பைபிள்ல உள்ளபடி.

கேள்வி: சுத்தி வளைக்காம சொல்லுங்கக்கா, பைபிள் அடிமைத்தனத்தை ஏத்துக்குதா இல்லையா?

ஏத்துக்குது. அடிமை வெச்சுக்காதேன்னு பழைய ஏற்பாட்டுலயும் இல்ல, புதிய ஏற்பாட்டுலயும் இல்ல. பன்னிக்கறி சாப்பிடாதே, ஆட்டு ரோமமும் பஞ்சும் கலந்து நெய்த துணி போடாதேன்னு அவ்ளோ நுணுக்கமா சொல்ற சட்டம், மனுஷனை விலைக்கு வாங்காதேன்னு சொல்லல. இதை முதல்ல ஒத்துக்கிட்டாதான் மேல பேச முடியும். ஆனா இன்னொண்ணும் இருக்கு. பத்துக் கட்டளை எப்படித் தொடங்குதுன்னு பாருங்க, "உன்னை அடிமைத்தன வீடாகிய எகிப்துதேசத்திலிருந்து புறப்படப்பண்ணின உன் தேவனாகிய கர்த்தர் நானே". தேவன் தன்னை அறிமுகப்படுத்திக்கிறதே அடிமைகளை விடுவிச்சவர்னு சொல்லித்தான். அது 20-ஆம் அதிகாரம். ஒரு பக்கம் திருப்பினா 21-ஆம் அதிகாரம், "எபிரெயரில் ஒரு அடிமையைக் கொண்டாயானால்..." இந்த ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல தான் மூவாயிரம் வருஷ சண்டை மொத்தமும் நடந்துட்டு இருக்கு.

கேள்வி: நம்ம பைபிள்ல 'வேலைக்காரரே, எஜமான்களுக்குக் கீழ்ப்படியுங்கள்'னுதானே இருக்கு, அடிமைன்னு இல்லையே?

சின்ன வயசுல நானும் அப்படித்தான் நெனச்சேன். எபேசியர் 6:5 வாசிக்கும்போது எங்க தெருவுல பாத்திரம் தேய்க்க வர்ற அக்கா ஞாபகம்தான் வரும். பிரசங்கத்துல ஒருத்தர் இதே வசனத்தை எடுத்து ஆபீஸ்ல மேனேஜர் சொல்றதைக் கேக்கணும்னு முக்கால் மணி நேரம் பேசினதும் ஞாபகம் இருக்கு.

கிரேக்கத்துல அந்த இடத்துல இருக்குற வார்த்தை 'தூலோஸ்'. அதுக்கு நேர் அர்த்தம் அடிமை. சம்பளத்துக்கு வேலை பார்க்குறவனைச் சொல்ல கிரேக்கத்துல வேற வார்த்தை இருக்கு. இந்த ஒரே தூலோஸ் நம்ம தமிழ்ல எப்படியெல்லாம் வேஷம் மாத்துதுன்னு பாருங்க. ரோமர் 1:1-ல பவுல் தன்னைச் சொல்லும்போது அது "ஊழியக்காரன்". எபேசியர் 6:5-ல "வேலைக்காரரே". பிரதான ஆசாரியனோட ஆள் மல்குஸ், பேதுரு காதை வெட்டினாரே, அவனும் "வேலைக்காரன்". மரியாள் தேவதூதன்கிட்ட பேசும்போது மட்டும் "இதோ, நான் ஆண்டவருக்கு அடிமை". அதாவது பக்தியா பேசுற இடத்துல அடிமைங்கற வார்த்தை கூச்சமில்லாம வருது, நெஜமாவே ஒருத்தன் விலைக்கு வாங்கப்பட்டு இன்னொருத்தன் வீட்ல கெடக்குற இடத்துல அது வேலைக்காரன் ஆயிடுது. இதுல செம விஷயம் என்னன்னா எபேசியர் 6:5-ல "வேலைக்காரரே"ன்னு போட்ட அதே கை, மூணு வசனம் தள்ளி 8-ல "அடிமையானவன் ஆனாலும் சுயாதீனன் ஆனாலும்"னு போட்டிருக்கு. அங்க சுயாதீனன்னு எதிர்ப்பதம் பக்கத்துலயே நிக்குதே, வேலைக்காரன்னு போட்டா வாக்கியமே நிக்காது.

எபிரெயத்துலயும் இதே குழப்பம் உண்டு. 'எபெத்'னு ஒரே வார்த்தை, வயல்ல மாடா உழைக்கிறவனும் எபெத், ராஜாவோட மந்திரியும் எபெத். அதனால ஒவ்வொரு இடமா பார்த்துதான் முடிவு பண்ணணும். விலை, வாங்குறது, விக்கிறது, பிள்ளைகளுக்கு சுதந்தரமா (அதாவது பரம்பரைச் சொத்தா) விட்டுட்டுப் போறது இதெல்லாம் வந்தா அது வேலைக்காரன் இல்லப்பா, அடிமை.

கேள்வி: ஆறு வருஷம்தானே? அது ஒரு வேலை ஒப்பந்தம் மாதிரின்னு யூட்யூப்ல ஒரு ஊழியக்காரர் சொல்றாரே?

பாதி சரி. எபிரெய ஆம்பளைக்கு ஆறு வருஷம், ஏழாம் வருஷம் ஒண்ணும் கொடாம விடுதலை. பெரும்பாலும் கடன்ல மூழ்கினவங்கதான் இப்படி மாட்டுவாங்க. 2 இராஜாக்கள் 4-ல எலீசாகிட்ட ஒரு விதவை அழுதுட்டு வருவாளே, கடன்காரன் என் ரெண்டு பிள்ளைகளையும் அடிமையாக்கிக்க வந்துட்டான்னு. நம்ம அந்த எண்ணெய் அற்புதத்தை மட்டும் பாட்டா பாடிட்டு எண்ணெய் எதுக்குத் தேவைப்பட்டுச்சுன்னு விட்டுடறோம். பஞ்சம், வட்டி, வரி, இதுல வயலும் வீடும் போச்சு, கடைசியில பிள்ளைங்களை விக்கிறாங்க, நெகேமியா 5-ல ஜனங்க இதையேதான் சொல்லி கூச்சல் போடுறாங்க.

இப்போ அந்த "ஒப்பந்தத்தை" கொஞ்சம் கிட்ட வந்து பாருங்க. அடிமை தனியா வந்தா தனியா போகலாம். எஜமான் அவனுக்கு ஒரு பொண்ணைக் கட்டி வெச்சு பிள்ளைங்க பொறந்திருந்தா? மனைவியும் பிள்ளைங்களும் எஜமானுக்கு, அவன் மட்டும் ஒண்டியா வெளிய போகணும். போக மனசு வரல, "என் எஜமானையும் என் பெண்ஜாதியையும் என் பிள்ளைகளையும் நேசிக்கிறேன்"னு சொன்னா, கதவு நிலைக்கிட்ட கூட்டிட்டுப் போய் காதைக் கம்பியால குத்துவாங்க, அப்புறம் சாகுற வரைக்கும் அங்கதான். இதை நேசத்தின் அடையாளம்னு பாட்டெல்லாம் எழுதிட்டோம். ஆனா பொண்டாட்டி பிள்ளைங்களை வீட்டுக்குள்ள வெச்சுக்கிட்டு, போறியா இருக்கியான்னு கேட்டா அவன் வேற என்னத்த சொல்வான்?

பொம்பளப் பிள்ளைக்கு இந்த ஆறு வருஷமும் இல்ல. அப்பன் மகளை வித்தா அவ ஆம்பளை அடிமை மாதிரி வெளிய போக முடியாதுன்னு 21:7-ல தெளிவா இருக்கு. கிட்டத்தட்ட மறுமனையாட்டி ஸ்தானம், சாப்பாடு துணி குறைக்கக் கூடாது, அந்நியனுக்கு விக்கக் கூடாதுன்னு சில பாதுகாப்பு மட்டும் உண்டு. உபாகமம் 15 வரும்போது சட்டம் கொஞ்சம் நகர்ந்திருக்கு, பொண்ணுக்கும் ஏழாம் வருஷம் விடுதலை, அனுப்பும்போது வெறுங்கையா அனுப்பாதே, ஆடு, களத்துல உள்ள தானியம், ஆலைத் திராட்சரசம் எல்லாம் தாராளமா குடுத்து விடுன்னு இருக்கு. எனக்கு அந்த அதிகாரம் பிடிக்கும். வெறுங்கையோட வெளிய வந்தவன் அடுத்த வருஷமே திரும்ப அடமானம் போவான்னு தெரிஞ்ச ஆளு எழுதின சட்டம் அது.

கேள்வி: அது எபிரெயருக்கு. வேற ஜாதிக்காரங்களுக்கு?

லேவியராகமம் 25:44-46 வாசிங்க. சுத்தி இருக்குற புறஜாதிகள்ல இருந்து ஆணையும் பொண்ணையும் வாங்கலாம், உங்களோட தங்குற பரதேசிங்க பிள்ளைகளையும் வாங்கலாம், உங்களுக்குப் பின்னாடி உங்க பிள்ளைங்களுக்கு சுதந்தரமா விட்டுட்டுப் போகலாம், என்றைக்கும் அவங்க அடிமை. அம்பது வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற யூபிலி வருஷ விடுதலை இவங்களுக்கு இல்ல. இதுக்கு எந்த "ஒப்பந்தம்" விளக்கமும் ஒட்டாது. யுத்தத்துல பிடிச்ச பொண்ணைக் கல்யாணம் பண்ணிக்கிறது பத்தி உபாகமம் 21-ல இருக்கு, தலைய சிரைச்சு, நகம் வெட்டி, ஒரு மாசம் அப்பா அம்மாவுக்காக அழ விடணும், அப்புறம் பிடிக்கலைன்னா அவ இஷ்டத்துக்கு அனுப்பிடணும், காசுக்கு விக்கக் கூடாது. அந்தக் காலத்துக்கு இது இரக்கம்னு விளக்கம் சொல்வாங்க. இருக்கலாம். அந்தப் பொண்ணுகிட்ட யாரும் கேக்கல.

கேள்வி: அடிமையை அடிக்கலாம்னு இருக்காமே?

இருக்கு. யாத்திராகமம் 21:20-21. கோலால அடிச்சு கைமேலயே செத்துட்டா எஜமானுக்கு தண்டனை, ஒரு நாள் ரெண்டு நாள் உயிரோட இருந்து செத்தா தண்டனை இல்ல, ஏன்னா "அவன் அவனுடைய உடைமைதானே"ங்கற அர்த்தத்துல முடியுது. எபிரெயத்துல இன்னும் பச்சையா இருக்கு, 'அவன் இவனோட வெள்ளி', அதாவது காசு. இதுக்கு நாலஞ்சு வசனம் தள்ளி, கண்ணைக் கெடுத்தாலோ பல்லை உடைச்சாலோ அந்தப் பல்லுக்காக அவனை விடுதலை பண்ணி அனுப்பணும்னு இருக்கு. ஒரே அதிகாரத்துல உயிருக்கு ஒரு கணக்கு, பல்லுக்கு ஒரு கணக்கு. மாடு முட்டி அடிமை செத்தா எஜமானுக்கு முப்பது சேக்கல் வெள்ளி. யூதாஸ் வாங்கினதும் முப்பது வெள்ளிக்காசுன்னு மத்தேயு எழுதும்போது அந்தத் தொகை வாசிக்கிறவங்க காதுல என்னவா விழுந்திருக்கும்னு யோசிங்க.

கேள்வி: அடிமை வியாபாரம்? கப்பல்ல பிடிச்சுட்டுப் போய் விக்கிற மாதிரி?

இங்கதான் வசனம் கடுமையா இருக்கு. ஒருத்தனைத் திருடி வித்தாலோ, அவன் இவன் கையில அகப்பட்டாலோ, மரண தண்டனை (யாத்திராகமம் 21:16). உபாகமம் 24:7-ல இதே சட்டம் "இஸ்ரவேல் புத்திரராகிய சகோதரரில்" ஒருத்தனைத் திருடினாங்கற அளவுக்கு சுருங்குது, அதையும் கவனிக்கணும். தீர்க்கதரிசிங்க வியாபாரிங்களை பேர் சொல்லித் திட்டுறாங்க. காசாவும் தீருவும் ஜனங்களை மொத்தமா சிறைபிடிச்சு ஏதோமுக்கு ஒப்புக்கொடுத்தாங்கன்னு ஆமோஸ், யூதா பிள்ளைகளை கிரேக்கர்கிட்ட வித்தாங்கன்னு யோவேல். எசேக்கியேல் 27-ல தீரு பட்டணத்தோட வியாபாரப் பட்டியல் ஒண்ணு வரும், வெள்ளி, இரும்பு, தகரம், ஈயம், அதுக்குப் பக்கத்துலயே மனுஷரும் வெண்கலப் பாத்திரமும், சரக்கோட சரக்கா. வெளிப்படுத்தல் 18-ல ரோமாபுரியை மனசுல வெச்சு எழுதின பட்டியல்ல பொன்னுல ஆரம்பிச்சு கோதுமை, மாடு, ஆடு, குதிரை, ரதம்னு இறங்கி வந்து கடைசியில "அடிமைகளும், மனுஷருடைய ஆத்துமாக்களும்". கிரேக்கத்துல அந்த அடிமைங்கற இடத்துல 'உடல்கள்'னு இருக்கு. சந்தையில அவங்களை அப்படித்தான் சொல்வாங்களாம், இத்தனை உடல் வந்திருக்குன்னு. 1 தீமோத்தேயு 1:10-லயும் கொலைகாரங்க, பொய்யருங்க வரிசையில "மனுஷரைத் திருடுகிறவர்" நிக்கிறாங்க. பின்னாடி அட்லாண்டிக் வியாபாரத்தை எதிர்த்தவங்க கையில எடுத்த வசனங்கள் இதெல்லாம்.

கேள்வி: ஓடிப்போன அடிமையை என்ன பண்ணணும்?

திருப்பிக் குடுக்கக் கூடாது. "தன் எஜமானுக்குத் தப்பி உன்னிடத்தில் வந்த அடிமையை அவனுடைய எஜமான் கையில் ஒப்புக்கொடாயாக", உபாகமம் 23:15. அவன் இஷ்டப்பட்ட ஊர்ல இருக்கட்டும், அவனை ஒடுக்காதே. பாபிலோன்ல அம்முராபி சட்டம் அப்படியே இதுக்கு நேர் எதிர், ஓடிவந்த அடிமையை வீட்ல ஒளிச்சு வெச்சா வெச்சவனுக்கு மரண தண்டனை. மொத்த பழைய ஏற்பாட்டு அடிமைச் சட்டத்துல எனக்கு உண்மையிலேயே ஆச்சரியமா இருக்குறது இந்த ஒரு வசனம்தான், ஏன்னா இதை அப்படியே கடைப்பிடிச்சா அடிமை முறை நிக்காதே, ராத்திரியோட ராத்திரியா எல்லாரும் பக்கத்து ஊருக்குப் போயிடலாமே. வெளிநாட்ல இருந்து ஓடி வந்தவங்களுக்கு மட்டும்தான் இதுன்னு நிறைய பேர் விளக்கம் சொல்றாங்க. அமெரிக்காவுல 1850-ல ஓடிப்போன அடிமைகளைப் பிடிச்சுக் குடுக்கணும்னு சட்டம் போட்டப்போ இந்த வசனம் எதிர்ப்பாளர் பிரசங்கங்கள்ல திரும்பத் திரும்ப வந்துச்சு.

கேள்வி: இந்தச் சட்டத்தையெல்லாம் நெஜமா கடைப்பிடிச்சாங்களா?

எரேமியா 34 வாசிங்க, சினிமா மாதிரி இருக்கும். பாபிலோன் சேனை எருசலேமை முற்றுகை போட்டிருக்கு, பயத்துல சிதேக்கியா ராஜாவும் பிரபுக்களும் கன்னுக்குட்டியை ரெண்டா வெட்டி நடுவுல நடந்து உடன்படிக்கை பண்ணி எல்லா எபிரெய அடிமைகளையும் விடுதலை பண்றாங்க. எகிப்து சேனை வருதுன்னு கேள்விப்பட்டு பாபிலோன்காரன் கொஞ்சம் விலகினதும், அவ்ளோதான், அதே ஆளுங்களைத் திரும்பப் பிடிச்சு அடிமையாக்கிட்டாங்க. எரேமியா சொல்றார்: நீங்க விடுதலை கூறலல்ல, இப்போ உங்களுக்கு ஒரு விடுதலை கூறப்படுது, பட்டயத்துக்கும் கொள்ளைநோய்க்கும் பஞ்சத்துக்கும்.

பைபிளுக்கு வெளியவும் சாட்சி இருக்கு. 1962-ல எரிகோவுக்கு வடக்க ஒரு குகையில சமாரியாக்காரங்க ஒளிச்சு வெச்ச பத்திரங்கள் கிடைச்சுது, அதுல நிறைய அடிமை விற்பனைப் பத்திரங்கள். ஒண்ணு கி.மு. 335, யோகனான்னு ஒருத்தனை 35 சேக்கலுக்கு விக்கிறாங்க. அந்தப் பேர்லயே கர்த்தரோட நாமம் இருக்கு பாருங்க, அநேகமா இவனும் கர்த்தரை வணங்குற ஜனம்தான். ஆறு வருஷம்னு இல்ல, என்றைக்கும்னு எழுதியிருக்கு. எகிப்துல யானைத்தீவுல இருந்த யூதப் படைவீரர் குடியிருப்புல கிடைச்ச ஒரு காகிதம் கி.மு. 427, மெசுல்லாம்னு ஒரு எஜமான் தன் அடிமைப் பொண்ணு தாபமேத்தை விடுதலை பண்றார். அவளுக்கு கல்யாணம் ஆகி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, மகளும் இருக்கா. அவ வலது கையில எஜமான் பேர் குறியிட்டிருக்குன்னு பத்திரத்துலயே எழுதியிருக்கு.

கேள்வி: ஆகார் கதையில தேவதூதன் திரும்பிப் போன்னு சொன்னது ஏன்?

இதுக்கு என்கிட்ட நல்ல பதில் இல்ல. ஆபிரகாம் மனைவி சாராயோட அடிமைப்பொண்ணு ஆகார், கொடுமை தாங்காம வனாந்தரத்துக்கு ஓடிப்போறா, தூதன் அவகிட்ட சொல்றது: "நீ உன் நாச்சியாரண்டைக்குத் திரும்பிப்போய், அவள் கையின்கீழ் அடங்கியிரு". உபாகமச் சட்டத்துக்கு நேர் எதிர். ஆனா அந்த வனாந்தரத்துல தேவனுக்கு ஒரு பேர் வைக்கிறா அவ, என்னைக் காண்கிற தேவன்னு. பைபிள்ல தேவனுக்குப் பேர் வெச்ச முதல் ஆள் ஒரு எகிப்து அடிமைப்பொண்ணு. கலாத்தியர் 4-ல பவுல் இவளை ஒரு உவமையா மாத்தி "புறம்பே தள்ளு"ன்னு முடிச்சுட்டார், அது எனக்கு எப்பவும் கொஞ்சம் உறுத்தும்.

கேள்வி: யூத ரபிமார் இதை எப்படி விளக்கினாங்க?

அவங்க வசனத்தை நேரா தூக்கிப் போடல, சுத்தி வேலி போட்டாங்க. எபிரெய அடிமையை வாங்குறவன் தனக்கு ஒரு எஜமானை வாங்குறான்னு தல்மூத்ல (ரபிமார் விளக்கங்களோட பெரிய தொகுப்பு) ஒரு பேச்சு உண்டு, ஏன்னா நீ நல்ல ரொட்டி சாப்பிட்டா அவனுக்கும் அதே ரொட்டி, நீ மெத்தையில படுத்தா அவனும் மெத்தையில. காது குத்துற சட்டத்துக்கு ரபி யோகனான் பென் சக்காய் சொன்ன விளக்கம் இன்னும் கூர்மை: இஸ்ரவேலர் என் அடிமைகள்னு தேவன் சீனாய் மலையில சொன்னதைக் கேட்ட காது, அப்புறமும் போய் இன்னொரு எஜமானைத் தேடிக்கிச்சே, அந்தக் காதைக் குத்து.

ஆனா கானானிய அடிமைன்னு அவங்க சொல்ற புறஜாதி அடிமை விஷயத்துல முறை தொடர்ந்துச்சு. ரபான் கமாலியேல்னு ஒரு பெரிய குரு, அவர் வீட்ல தாபின்னு ஒரு அடிமை, செத்ததும் ரபான் துக்கம் விசாரிக்க வந்தவங்களை ஏத்துக்கிட்டார். அடிமைக்குத் துக்கம் விசாரிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்கன்னு சீஷருங்க கேக்கறாங்க. "என் தாபி மத்த அடிமைங்க மாதிரி இல்ல, அவன் நேர்மையானவன்"னார். அன்பு தெரியுது, ஆனா கடைசி வரைக்கும் "என் அடிமை"தான். 12-ஆம் நூற்றாண்டுல யூதச் சட்ட அறிஞர் மைமோனிதேஸ், புறஜாதி அடிமையைக் கடினமா வேலை வாங்க சட்டத்துல இடமுண்டு, இருந்தாலும் பாரத்தை ஏத்தாதே, கத்தாதே, நீ சாப்பிடுறதுல குடுன்னு எழுதி யோபு 31-ஐ மேற்கோள் காட்டுறார், என்னைத் தாயின் கர்ப்பத்துல உண்டாக்கினவர் அவனையும் உண்டாக்கினார் அல்லவான்னு. இயேசு காலத்துலயே அடிமையே வெச்சுக்காத யூதங்களும் இருந்தாங்க, எஸ்ஸேனர்னு ஒரு கூட்டம். முதல் நூற்றாண்டு யூத எழுத்தாளருங்க பிலோவும் ஜோசீஃபஸும் ரெண்டு பேருமே அதைப் பதிவு பண்ணியிருக்காங்க. அதனால "அந்தக் காலத்துல யாருக்குமே தோணல"ன்னு இனிமே யாரும் கிளாஸ்ல சொல்லாதீங்க.

கேள்வி: இயேசு ஏன் ஒரு வார்த்தை கூட எதிர்த்துப் பேசல?

நேரடியா பேசல. லூக்கா 4-ல "சிறைப்பட்டவர்களுக்கு விடுதலை"ன்னு ஏசாயாவை வாசிச்சு ஊழியத்தை ஆரம்பிக்கிறார். உவமைகள்ல பார்த்தா அடிமைங்க எங்க பாத்தாலும் இருக்காங்க, கடனுக்குப் பொண்டாட்டி பிள்ளைகளை விக்கச் சொல்றது, அநேக அடிகள் வாங்குறது எல்லாம் சாதாரணமா வந்துட்டுப் போகுது. உங்களில் முதல்வனாக இருக்க விரும்புறவன் எல்லாருக்கும் அடிமையா இருக்கணும்னு சொன்னது எஜமான்களுக்கு அடி. அடிமைக்கு அதுல என்ன புதுசா கெடச்சுது?

கேள்வி: பவுல் பிலேமோனுக்கு எழுதின கடிதம் விடுதலைக் கடிதம்தானே?

25 வசனம்தான், ஒரு டீ ஆறுறதுக்குள்ள வாசிச்சிடலாம். பிலேமோனோட அடிமை ஒநேசிமு பத்தின கடிதம். ஒநேசிமுங்கறது அடிமைங்களுக்கு வைக்கிற சாதாரண பேர், அர்த்தம் பிரயோஜனமுள்ளவன். அதை வெச்சு பவுல் விளையாடுறார், முன்னே உமக்குப் பிரயோஜனமில்லாதவன், இப்போ உமக்கும் எனக்கும் பிரயோஜனமுள்ளவன். அவனைத் திருப்பி எஜமான்கிட்டயே அனுப்புறார். "இனிமேல் அவன் அடிமையானவனாக அல்ல, அடிமையானவனுக்கு மேலானவனும் பிரியமுள்ள சகோதரனுமாக" ஏத்துக்கோங்கறார். கடன் எதாவது இருந்தா என் கணக்குல வை, நான் தர்றேன், நீயே எனக்குக் கடன்பட்டவன்னு நான் சொல்லணுமான்னு ஒரு செல்ல மிரட்டலும் உண்டு. விடுதலை பண்ணுன்னு ஒரு வரி? இல்ல. அதனால 19-ஆம் நூற்றாண்டுல அடிமை முறையை ஆதரிச்சவங்க, எதிர்த்தவங்க ரெண்டு கட்சியும் இதே கடிதத்தைத் தூக்கிட்டு வந்தாங்க, ஒருத்தர் 'சகோதரன்' பாருன்னு, இன்னொருத்தர் 'திருப்பி அனுப்பினார்' பாருன்னு.

1 கொரிந்தியர் 7:21-ம் இப்படித்தான். தமிழ்ல "நீ சுயாதீனனாகக் கூடுமானால் அதை நலமென்றெண்ணிக்கொள்"னு தெளிவா இருக்கு, கிரேக்கத்துல 'அதைப் பயன்படுத்திக்கோ'ன்னு மட்டும் இருக்கு, எதை? விடுதலையையா, அடிமை நிலையையா? ரெண்டு விதமாவும் பழங்காலத்துல இருந்தே வாசிச்சிருக்காங்க. நம்ம மொழிபெயர்ப்பாளருங்க நல்ல பக்கத்தைத் தேர்ந்தெடுத்தாங்க, சந்தோஷம்.

கேள்வி: நோவா மகன் காமுக்கு வந்த சாபத்தாலதான் ஆப்பிரிக்கர் அடிமையானாங்கன்னு எங்க தாத்தா சொல்வாரே?

தாத்தாவுக்கு மரியாதையோட சொல்லுங்க, சாபம் காமுக்கே இல்ல. "கானான் சபிக்கப்பட்டவன்"னு ஆதியாகமம் 9:25-ல அச்சடிச்ச மாதிரி இருக்கு. கானான் காமோட ஒரு மகன். கானானோட பிள்ளைங்க சீதோன், எபூசியர், எமோரியர், எல்லாம் இஸ்ரவேலுக்கு அக்கம்பக்கம். ஆப்பிரிக்கா பக்கம் சேர்ந்த கூஷ் காமோட வேற மகன், அவனுக்கு சாபம் இல்ல. தோல் நிறம் பத்தி அந்த அதிகாரத்துல ஒரு எழுத்து கிடையாது.

கேள்வி: சபை பிற்காலத்துல என்ன பண்ணுச்சு?

ரெண்டும் பண்ணுச்சு, பெரும்பாலும் தப்பான பக்கத்துல நின்னுச்சு. 4-ஆம் நூற்றாண்டுல கங்க்ராங்கற ஊர்ல கூடின பிஷப்மார் சங்கம், பக்திங்கற பேர்ல அடிமை எஜமானை விட்டுப் போகச் சொல்லிக் குடுக்குறவன் சபிக்கப்பட்டவன்னு தீர்மானம் போட்டுச்சு. அதே நூற்றாண்டுல பிஷப் நீசா கிரகோரியார் பிரசங்கி புஸ்தகத்தை விளக்கும்போது, தேவசாயலுக்கு என்ன விலை போட்ட, எத்தனை காசு எண்ணிக் குடுத்தன்னு எஜமான்களை நேருக்கு நேர் கேட்டுட்டார். பழங்கால சபையில அந்த அளவுக்குப் பேசினது அநேகமா அவர் ஒருத்தர்தான். சார்தீனியாவுல ஒரு அடிமையோட கழுத்துப் பட்டை கிடைச்சிருக்கு, அதுல எழுதியிருக்குறது: நான் பேலிக்ஸ் பிரதான டீக்கனோட அடிமை, ஓடிடாதபடி என்னைப் பிடி. கழுத்துல மாட்டினவர் சபைக்காரர்.

1452-ல போப் ஐந்தாம் நிக்கோலஸ் போர்ச்சுகல் ராஜாவுக்கு புறமதத்தாரை நிரந்தர அடிமையாக்க அனுமதி குடுத்து ஆணை போட்டார். 1537-ல போப் மூன்றாம் பவுல் அமெரிக்கப் பூர்வகுடிகளை அடிமையாக்கக் கூடாதுன்னார். அடிமை வியாபாரத்தையே கண்டிச்சு போப் பதினாறாம் கிரகோரி ஆணை வந்தது 1839. நடுவுல எத்தனை கப்பல் போயிருக்கும்!

நம்ம பக்கம் சம்பந்தப்பட்டது ஒண்ணு சொல்லணும். திருநெல்வேலிப் பக்கம் நாசரேத்துலயும் இடையன்குடியிலயும் ஊழியம் பண்ணின எஸ்.பி.ஜி. (இங்கிலாந்து சபையோட சுவிசேஷ சங்கம், 'சொசைட்டி') மிஷனை நம்ம பாட்டி தாத்தாவெல்லாம் நன்றியோட பேசுவாங்க, கால்டுவெல் அந்த மிஷன்தான். அதே சங்கத்துக்கு பார்படோஸ் தீவுல காட்ரிங்டன்னு ஒருத்தர் 1710-ல சாகும்போது விட்டுட்டுப் போன கரும்புத் தோட்டம் இருந்துச்சு, அடிமைகளோட. கொஞ்ச காலம் அந்த அடிமைங்க நெஞ்சுல 'சொசைட்டி'ன்னு பழுக்கக் காய்ச்சின இரும்பால சூடு போட்டாங்க. 2006-ல இங்கிலாந்து சபை இதுக்கு மன்னிப்புக் கேட்டுச்சு. ரெண்டுமே நம்ம வரலாறுதான்.

1807-ல லண்டன்ல மேற்கிந்தியத் தீவு அடிமைகளுக்குன்னு ஒரு தனி பைபிள் அச்சடிச்சாங்க. பழைய ஏற்பாட்டுல பத்துல ஒன்பது பங்கு காணோம், புதிய ஏற்பாட்டுல பாதி காணோம். யோசேப்பு அடிமையா இருந்து விசுவாசமா உழைச்ச கதை இருக்கு, மோசே ஜனங்களைக் கூட்டிட்டு வெளிய போன கதை இல்ல. எபேசியர் 6:5 இருக்கு, "அடிமையென்றும் சுயாதீனனென்றுமில்லை" இல்ல. கத்திரி போட்டவனுக்கு எந்த வசனம் ஆபத்துன்னு நம்மளை விட நல்லா தெரிஞ்சிருக்கு!

1861 ஜனவரியில நியூயார்க்ல ரபி மோரிஸ் ரஃபால் அடிமைத்தனம் பைபிள்படி பாவம் இல்லைன்னு பிரசங்கம் பண்ணினார், பால்டிமோர்ல ரபி டேவிட் ஐன்ஹார்ன் அதை எதிர்த்து எழுதி, கலகக் கூட்டத்துக்கு பயந்து சில மாசத்துல ஊரை விட்டே ஓட வேண்டியதாச்சு. அமெரிக்காவோட தெற்கத்தி பாப்டிஸ்ட் சபை 1845-ல தனியா பிரிஞ்சதே அடிமை வெச்சிருக்குறவங்களை மிஷனரியா அனுப்பலாமாங்கற சண்டையிலதான், மன்னிப்பு கேட்டது 1995.

கேள்வி: அடிமையா இருந்தவங்க இந்த வசனத்தையெல்லாம் எப்படி வாசிச்சாங்க?

ஹவர்ட் தர்மன்னு ஒரு அமெரிக்கக் கறுப்பின போதகர், அவரோட பாட்டி அடிமையா இருந்தவங்க, எழுதப் படிக்கத் தெரியாது. பேரன்தான் பைபிள் வாசிச்சுக் காட்டணும். ஏசாயா வாசிக்கச் சொல்வாங்க, சங்கீதம் வாசிக்கச் சொல்வாங்க, சுவிசேஷம் வாசிக்கச் சொல்வாங்க. பவுல் மட்டும் கூடாது, 1 கொரிந்தியர் 13 எப்பவாவது. பெரியவனானதும் பேரன் தயங்கித் தயங்கி ஏன்னு கேக்குறார். எஜமான் வருஷத்துல மூணு நாலு தடவ வெள்ளைக்காரப் போதகரைக் கூட்டிட்டு வந்து எங்களுக்குப் பிரசங்கம் வைப்பார், ஒவ்வொரு தடவையும் "அடிமைகளே, கீழ்ப்படியுங்கள்"தான், எனக்கு விடுதலை கிடைச்சா, வாசிக்கக் கத்துக்கிட்டா, அந்தப் பகுதியைத் தொட மாட்டேன்னு அன்னிக்கே சத்தியம் பண்ணிட்டேன்னாங்களாம். அந்தப் பாட்டியை பைபிளைப் பாதி விட்டுட்டாங்கன்னு யாராவது குறை சொல்லட்டும் பார்ப்போம்.

கேள்வி: சண்டே ஸ்கூல் சின்னப் பசங்களுக்கு இதெல்லாம் சொல்லலாமா?

யோசேப்பு கதையில ஏற்கெனவே சொல்லிட்டுத்தானே இருக்கோம், பல வர்ண அங்கியில ஆரம்பிச்சு சட்டுனு அரண்மனைக்குத் தாவிடறோம், அவ்ளோதான். போன வருஷம் நான் நடுவுல நிறுத்தி, ஒட்டகத்துல கந்தவர்க்கமும் பிசின் தைலமும் வெள்ளைப்போளமும் ஏத்திட்டு எகிப்துக்குப் போற இஸ்மவேலர் கூட்டம், இருபது வெள்ளிக்காசு, பையனுக்கு வயசு பதினேழுன்னு விவரமா சொன்னேன். லேவியராகமம் 27-ல நேர்த்திக்கடன் பொருத்தனைக்கு அஞ்சு வயசுல இருந்து இருபது வயசுக்குள்ள ஆம்பளைக்குப் போட்ட மதிப்பும் அதே இருபது சேக்கல்தான்னும் சொன்னேன், அது கொஞ்சம் ஓவரோன்னு அப்புறம் தோணுச்சு. மூணாங்கிளாஸ் பையன் ஒருத்தன் கை தூக்கினான், அவங்கப்பா மொத்த வியாபாரி. "டீச்சர், அவங்க போத்திபார்கிட்ட எவ்ளோக்கு வித்தாங்க?" தேடிப் பார்த்தேன். எழுதல.